வீங்கிப்போன கொப்பி

மீள்சுழற்சிக் கடதாசியில் செய்த பொக்கட் கொப்பி ஒன்றை ஆசையாக வாங்கினேன். பழுப்பு அட்டை, தாளெல்லாம் நீலமும் கறுப்புமாய்ப் பொடிப்பொடிப் புள்ளிகள். எந்தப் பழைய பத்திரிகையின் மிச்சமோ! அழகுதான், அதில் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஹட்டனில் ஜூன் மாதம் எப்படியிருக்கும் என்பதை மறந்துவிட்டேன். தென்மேல் பருவமழை, நாள் முழுக்கப் பனிமூட்டம். மூன்றாம் நாளே கொப்பி ஈரம் குடித்து வீங்கி, மூட மறுத்து வாய் பிளந்து கிடந்தது.

மை பேனையால் எழுதினால் இன்னும் மோசம். கடதாசியைத் திரும்பத் திரும்பக் கூழாக்கும்போது நார் குட்டையாகிவிடும். மை ஊறாமலிருக்கச் சேர்க்கும் மாப்பசையும் குறைந்தால் எழுத்து பரவத்தான் செய்யும். தெரிந்து என்ன பிரயோசனம்? ‘சீனி 1 கிலோ’ என்று எழுதினேன். ஒன்றுக்குக் கை கால் முளைத்துவிட்டது. கடை அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நாலு கிலோவா தம்பி? வீட்டுல ஏதும் விசேஷமா?” என்கிறார்.

சரி, பென்சிலுக்கு மாறினேன். அழிக்கப்போனால் தாளே உருண்டு உருண்டு வந்தது.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. தங்கச்சியின் போன வருடப் பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து அவர் கணக்கு எழுதுகிறார். அதில் மை பரவுவதே இல்லை.

என் கொப்பி இப்போது அடுப்புக்கு மேலே, ஈரக் காலுறைகளுக்குப் பக்கத்தில் காய்கிறது.