வெளிநாட்டில் வீடு வாங்கினால் அங்கேயே தங்கிவிடலாமா?

"வெளிநாட்டில் ஒரு வீடு வாங்கினால் போதும், ஆயுசுக்கும் அங்கேயே தங்கலாம், சொந்த நாட்டுக்கு வரியும் கட்ட வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டையும் நம்பாதீர்கள்.

வீட்டுப் பத்திரம் வேறு, தங்கும் அனுமதி வேறு. தாய்லாந்தில் வெளிநாட்டவர் அடுக்குமாடி வீடு வாங்கலாம். ஆனால் ஓய்வுக்காலத்தை அங்கே கழிப்பதற்கான அனுமதிக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும். 8 லட்சம் பாட் வங்கி இருப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போதாததற்கு, 90 நாளுக்கு ஒருமுறை 'இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்த வீட்டில் இருப்பவருக்கும் இதே விதிதான். வீடு வாங்குவோருக்கு அனுமதி தந்த ஸ்பெயினின் திட்டமோ 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

வரி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்கைத் தாய்நாட்டுக்குக் காட்டியாக வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தச் செய்தி பேசாத விஷயங்கள்தான். பல ஊர்களில் செலவு குறைவு என்பது மெய். ஆனால் அமெரிக்க முதியோரின் மெடிகேர் காப்பீடு வெளிநாட்டு மருத்துவமனையில் பெரும்பாலும் செல்லாது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறும் பிரிட்டன் ஓய்வூதியருக்கு, அந்நாட்டு அரசு முதியோருக்குத் தரும் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயராது.