டாக்டர் கட்டிய கட்டடம் பென்ஷன் ஆகாது

"டாக்டருக்கு என்னங்க, கடைசி வரைக்கும் சம்பாதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் கணக்கெல்லாம் போன தலைமுறையோடு சரி.

அப்போது சின்ன ஊர்களில் கிளினிக் நடத்தியவர் நாலு காசு சேர்ந்ததும் பக்கத்து மனையை வாங்கி, இருபது படுக்கை போட்டு நர்சிங் ஹோம் ஆக்குவார். கடைசிக் காலத்துக்கு அதுதான் சோறு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் என்று வந்தன. ஏழைக் குடும்பங்கள் கடனாளி ஆகாமல் தப்பித்தன, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கையில் அட்டை இருப்பவர் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தானே போவார்? தனியார் பாலிசிக்காரர் வாசலிலேயே "கேஷ்லெஸ் உண்டா?" என்கிறார். உண்டு என்றால், டிஸ்சார்ஜ் அன்று டி.பி.ஏ. (காப்பீட்டுக் கம்பெனிக்காகக் க்ளெய்மைச் சரிபார்க்கும் நிறுவனம்) கேட்கிற கேள்விகளுக்குப் பதில் அனுப்பவே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் ஒருவர், ஊரே கைராசிக்காரர் என்று கொண்டாடிய அம்மா. லேபர் ரூமில் இப்போது பழைய கேஸ் ஷீட் கட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. மகள் சென்னையில் கார்ப்பரேட்டில் கன்சல்டன்ட், திரும்பி வரப்போவதில்லை. கட்டடத்தை விற்கலாம் என்றால், வருகிறவர்கள் மனைக்கு மட்டும் விலை பேசுகிறார்கள். கைராசிக்கு யார் காசு தருவார்?

அரசுப் பணி மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த எங்களைப் பழைய நிச்சயப் பென்ஷனுக்குப் பதிலாக, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சி.பி.எஸ்.ஸில் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) போட்டார்கள். எந்த ஆட்சி எதை மாற்றும் என்று பார்த்துக் குடும்பக் கணக்குப் போட முடியாது. ஓய்வு வயது 2020-இல் 59, மறு வருஷம் 60. மேலே இருப்பவர் நகராவிட்டால் கீழே இருப்பவருக்கு ஏது புரமோஷன்? ரிட்டயர் ஆன பேராசிரியர்கள் 70 வயது வரை தனியார் கல்லூரியில் வேலை பார்க்கலாம் என்கிறார்கள். அறுபத்தெட்டு வயதில், மூட்டுவலியோடு, காலையில் வருகைப் பதிவுக்கு ஓடுவதற்குப் பெயர் ஓய்வா?

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், பி.ஜி. மூன்று, சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்றால் இன்னும் மூன்று. கூடப் படித்த இன்ஜினியர் வீட்டுக்கடனில் பாதியை அடைத்த பிறகுதான் நமக்கு முதல் உருப்படியான சம்பளமே வருகிறது. வந்ததும் ஸ்கேன் மெஷினுக்கு இ.எம்.ஐ. போட்டுவிடுகிறோம்!

ஆஸ்பத்திரி கட்டப்போகிறேன் என்று வரும் ஜூனியர்களிடம் நான் சொல்வது: வாடகைக்கு எடு, தம்பி. மிச்சத்தை உன் பெயரிலும் மனைவி பெயரிலும் பி.பி.எஃப்.பில் (பொது வருங்கால வைப்பு நிதி) போட ஆரம்பி. தொழிலை விட்ட கையோடு, நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டுக்குக் கைகொடுக்கும் இண்டெம்னிட்டி பாலிசியையும் நிறுத்திவிடாதே. பழைய கேஸுக்கு நுகர்வோர் கோர்ட் நோட்டீஸ் கிளினிக்கை மூடிய பிறகும் வரலாம்.