தரவுத் தளம் மட்டும் போதுமா?
நிகழ்நேரத் தரவுத் தளங்களில், அதாவது நிலவரத்தை உடனுக்குடன் காட்டும் மென்பொருள்களில், முதலீடு செய்த நிறுவனங்களே நெருக்கடியைத் தாங்கும் என்று நிறுவனங்களின் மீள்திறன் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அக்கூற்றை முழுமையாக ஏற்க இயலவில்லை. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரிலுள்ள ஃபிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் மூண்ட தீ சில நிமிடங்களில் அணைந்துவிட்டாலும், புகையும் நீரும் தூசியே இல்லாமல் சிப் தயாரிக்கும் தூய்மை அறைகளைக் கெடுத்ததால் உற்பத்தி வாரக்கணக்கில் முடங்கியது. அங்கிருந்து சிப் வாங்கிய கைபேசி நிறுவனங்களான நோக்கியா, எரிக்சன் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே செய்திதான் கிடைத்தது. நோக்கியாவில் அது விரைவாக மேலிடத்தை எட்டியதால், வேறு ஆலைகளைப் பிடிப்பதும் சிப்பின் வடிவமைப்பைத் திருத்துவதும் உடனே தொடங்கின. எரிக்சனிலோ செய்தி இடைநிலை மேலாளர்களிடமே தேங்கியது, பிறகு விழித்தபோது மாற்று வழங்குநர்களிடம் போதிய சரக்கு மிச்சமில்லை. கெட்ட செய்தியை அஞ்சாமல் மேலே சொல்லும் பழக்கத்தை எந்த மென்பொருளும் தந்துவிடாது (அதை வாங்கச் சொல்லும் ஆலோசகர்கள் இதைச் சொல்வதில்லை). மீள்திறன் (நெருக்கடியிலிருந்து மீளும் திறன்) இருந்தால் நிலைத்தன்மை (நெடுங்காலம் நிலைத்திருத்தல்) தானே வரும் என்று அக்கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியிருப்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. அதே நோக்கியாதான் 2007இல் ஐஃபோன் வந்தபின் சந்தையின் போக்குக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2014இல் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டிடம் ஒப்படைத்தது. வழங்கல் தடையைச் சமாளிப்பதற்கு வேகம் போதும். லாபம் தந்துகொண்டிருக்கும் பொருளையே உரிய காலத்தில் கைவிடுவதற்கு முற்றிலும் வேறான திறன் தேவைப்படுகிறது, கட்டுரை இவ்விரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் அடைத்துவிட்டது.