ரோட்டை அடைச்சு வைக்கிற ஒவ்வொரு நாளுக்கும் காசு வாங்கணும்

இங்கிலாந்துல ரோட்டு வேலைனா எல்லாரும் முதல்ல திட்டுறது உள்ளாட்சி கவுன்சிலைத்தான். போன மாசம் தண்ணி பைப்புக்குத் தோண்டி மூடினாங்க, இப்போ அதே இடத்துல கேஸுக்குத் தோண்டுறாங்க, இவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டாங்களான்னு எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல யாராச்சும் புலம்பிட்டே இருக்காங்க. கோபம் நூத்துக்கு நூறு நியாயம். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அந்தக் கோபத்தை எங்க காட்டணும்னு தெரியும், அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

தண்ணி, கேஸ், கரண்ட், டெலிகாம் கம்பெனிகளுக்கு ரோட்டைத் தோண்ட சட்டப்படியே உரிமை இருக்கு. தோண்டவே கூடாதுன்னு கவுன்சில் சொல்ல முடியாது. எப்போ தோண்டலாம், எத்தனை நாள், எந்த நேரம், எப்படி, இதுலதான் கவுன்சிலோட பிடி. 1991ல வந்த சட்டம் ரோட்டு வேலைகளை ஒருங்கிணைக்கிற கடமையைக் கவுன்சிலுக்குக் கொடுத்துச்சு, அதுக்கு ஒத்துழைக்கிற கடமையைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துச்சு. அப்புறம் 2004 சட்டம் வந்து, ட்ராஃபிக் தடையில்லாம ஓடுறதைப் பாத்துக்கிறதே கவுன்சிலோட கடமை, அதுக்குன்னு ட்ராஃபிக் மேனேஜர்னு ஒருத்தரை நியமிச்சே ஆகணும்னு சொல்லிடுச்சு. (பெரிய பகுதிக்குக் கவுண்டி கவுன்சிலும், அதுக்குள்ள இருக்கிற சின்னப் பகுதிக்கு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் தனித்தனியா இருக்கிற ஊர்ல இது கவுண்டி கவுன்சிலோட வேலை, நிறைய பேர் டிஸ்ட்ரிக்டுக்கு மெயில் போட்டுட்டுப் பதிலே வரலைன்னு உக்காந்திருக்காங்க.)

இப்போ பெரும்பாலான இடத்துல பர்மிட் முறைதான். தோண்டப் போறவங்க முன்கூட்டியே அப்ளை பண்ணணும், மூணு நாளுக்குள்ள முடியிற சின்ன வேலைக்கு மூணு நாள் முன்னாடி, பத்து நாள் வரைக்கும் போற வேலைக்கு பத்து நாள் முன்னாடி, அதைவிடப் பெருசுன்னாலோ ரோட்டையே மூட ஆர்டர் போடணும்னாலோ மூணு மாசம் முன்னாடி. எல்லாம் 2020ல வந்த ஸ்ட்ரீட் மேனேஜர்ங்கிற அரசாங்க சிஸ்டம் வழியாத்தான் வரும். கவுன்சில்ல அதைப் பார்க்கிற ஆள் மேப்பைத் திறந்து பார்ப்பாங்க, பக்கத்து ரோட்ல வேற வேலை இருக்கா, டைவர்ஷன் போற ரோட்லயே இன்னொருத்தன் குழி தோண்டி வச்சிருக்கானா, அந்த வாரம் திருவிழாவோ மேட்சோ இருக்கா, பஸ் எப்படிப் போகும்னு. இடிச்சா தேதியை மாத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவாங்க. இது போக மூணு மாசத்துக்கு ஒருதரம் எல்லாக் கம்பெனியையும் கூப்பிட்டு மீட்டிங் வேற.

இதுல நான் ரொம்ப மதிக்கிறது பர்மிட்டோட வர்ற கண்டிஷனைத்தான். வெளிய இருந்து பார்த்தா சும்மா ஒரு வரி. "காலைல ஏழுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் தற்காலிக சிக்னலை ஆள் நின்னு இயக்கணும்"னு ஒரு கண்டிஷன் இருந்தா, ஒரு பக்கம் நாப்பது வண்டி நிக்குது, எதிர்ப்பக்கம் காலியா இருக்குன்னா அந்த ஆள் பார்த்து பச்சையை நீட்டிவிடுவார். அது இல்லைன்னா மெஷின் பாட்டுக்கு யாருமே வராத பக்கத்துக்கும் பச்சை கொடுத்துட்டே இருக்கும், பின்னாடி ரவுண்டபவுட் வரைக்கும் அடைச்சிடும். அதே மாதிரி பீக் நேரத்துல குழி மேல இரும்புத் தகடு போட்டு ரெண்டு லேனையும் திறந்து விடணும்னு ஒரு வரி. நல்ல கவுன்சில் எது, ஏனோதானோ கவுன்சில் எதுன்னு இந்த வரிகளைப் பார்த்தே சொல்லிடலாம். வந்த அப்ளிகேஷனைப் படிக்காமலே ஓகே பண்ற இடத்துல பர்மிட் கட்டணம் மட்டும்தான் வசூலாகும், ரோடு அப்படியேதான் கிடக்கும்.

டைவர்ஷன் ஏன் அஞ்சு நிமிஷத் தூரத்துக்கு ஊரையே சுத்த வைக்குதுன்னு கேக்கிறவங்களுக்கு, பெரிய ரோட்டு வண்டியைப் பொதுவா லாரி தாங்கக்கூடிய அதே தரத்து ரோட்டு வழியாத்தான் முறைப்படி திருப்பிவிட முடியும், குறுக்குத் தெருவுல போர்டு வைக்க முடியாது. அது சரியான விதிதான்.

யாருமே வேலை செய்யாம கோன் மட்டும் நிக்கிறதைப் பத்தித்தான் ஜனங்களுக்கு எரிச்சல் அதிகம். சில நேரம் காரணம் இருக்கு. புது தண்ணி மெயின் பைப் போட்டா, கிருமி நீக்கி, சாம்பிள் லேபுக்குப் போய் ரிசல்ட் வந்த பிறகுதான் இணைக்க முடியும், கான்கிரீட் போட்டா இறுகணும். அதுல எனக்குக் குறையில்லை. ஆனா குழியை மூடுற டீம் ஒரு காண்ட்ராக்டர், தார் போடுற டீம் இன்னொரு காண்ட்ராக்டர், பேரிகேடையும் சிக்னலையும் எடுத்துட்டுப் போறவன் மூணாவது ஆளுன்னு ஆகி, எல்லா வேலையும் முடிஞ்சு வெள்ளிக்கிழமை மத்தியானமே தார் போட்டு உருட்டின ரோட்ல திங்கக்கிழமை வரைக்கும் சிவப்பு விளக்கு எரிஞ்சுட்டிருக்கிறதை எங்க பக்கத்துலயே பார்த்திருக்கேன், பஸ்ஸுல வேலைக்குப் போற ஜனம், ஆம்புலன்ஸ் உட்பட எல்லாரும் ஒண்ணுமே இல்லாத ஒரு இடத்துக்காகக் காத்திருக்காங்க, இதை மன்னிக்கவே முடியாது. சொன்ன தேதியைத் தாண்டினா அபராதம் இருக்கு, முக்கியமான ரோட்ல ஒரு நாளைக்கு 10,000 பவுண்டு வரைக்கும் போகும். ஆனா ரொம்ப வருஷமா வேலை நாளை மட்டும்தான் அந்தக் கணக்குல எடுத்துட்டிருந்தாங்க, சனி ஞாயிறு இலவசம் மாதிரி. வார இறுதியையும் சேர்க்கலாம்னு அரசாங்கம் முன்வச்சதே 2024லதான். இவ்வளவு லேட்டா யோசிக்க வேண்டிய விஷயமா இது?

அடுத்தது அவசர வேலை. கேஸ் லீக்னா முதல்ல தோண்டிட்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள சொன்னாப் போதும். உயிர் சம்பந்தப்பட்டது, அப்படித்தான் இருக்கணும். ஆனா அந்த வசதியைத் திட்டம் போட மறந்த வேலைக்கும் பயன்படுத்தினா மொத்தத் திட்டமும் சரிஞ்சிடும், அதனால அவசரம்னு சொன்ன ஒவ்வொண்ணையும் கவுன்சில் இன்ஸ்பெக்டர் நேர்ல போய்ப் பார்க்கணும், போட்டோ வாங்கணும், உண்மையில்லைன்னா ஃபைன் போடணும். கூடவே பூமிக்கடியில என்ன இருக்குன்னே தெரியாம தோண்டுறதும் ஒரு பெரிய வியாதி. அரசாங்கக் கணக்குப்படி இந்த நாட்டுல வருஷத்துக்கு சுமார் 40 லட்சம் குழி தோண்டுறாங்க, அதுல 60,000 தடவை தெரியாம ஏதாவது பைப்பையோ கேபிளையோ சேதப்படுத்திடுறாங்க. அப்படி ஒரு பைப்பை உடைச்சிட்டா ரெண்டு நாள் வேலை ரெண்டு வாரமாயிடும். எல்லாக் கம்பெனி பைப்பையும் ஒரே டிஜிட்டல் மேப்ல கொண்டுவர்ற தேசியப் பதிவேடு வேலை நடந்துட்டிருக்கு, அதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒழுங்கா டேட்டா கொடுக்கணும்.

புது ரோடு போட்ட கையோட தோண்டுற கதைக்கும் சட்டம் இருக்கு. கவுன்சில் முன்கூட்டியே நோட்டீஸ் விட்டு, எல்லாரும் இப்பவே வந்து உங்க வேலையை முடிச்சுக்கோங்க, நாங்க ரோடு போட்டப்புறம் குறிப்பிட்ட காலத்துக்குத் தோண்டக் கூடாதுன்னு தடை போடலாம். அவசர வேலை, புது வீட்டுக்குக் கனெக்‌ஷன் இதுக்கெல்லாம் விலக்கு உண்டு, அது வேற வழியில்லை. ஆனா நோட்டீஸே விடாம ரோடு போட்டுட்டு அப்புறம் அடுத்தவனைக் குறை சொல்ற கவுன்சிலும் இருக்கு. சொந்த வேலைக்கும் இதே பர்மிட், இதே கண்டிஷன் பொருந்தணும், கம்பெனிக்கு ஒரு நியாயம் தனக்கு ஒரு நியாயம்னு வச்சா யாரு மதிப்பாங்க?

இவ்வளவும் இருந்தும் ஏன் சேர்ந்து தோண்ட மாட்டேங்கிறாங்க? என்னைக் கேட்டா பணம்தான். தண்ணி கம்பெனியோட பட்ஜெட் வருஷம் வேற, காண்ட்ராக்ட் வேற, ஒரு குழிக்குள்ள ரெண்டு டீம் இறங்கினா பாதுகாப்புக்கு யார் பொறுப்புன்னு வக்கீல் வேலை வேற, காத்திருந்து சேர்ந்து செய்றதைவிட தனியா தோண்டுறது அவங்களுக்கு மலிவு. நாம க்யூல நிக்கிற நேரம் அவங்க கணக்குல வர்றதே இல்லை. அந்த நேரத்துக்கு விலை போட்ட ஒரே திட்டம் லேன் ரென்டல். லண்டன்ல 2012ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் கென்ட், அப்புறம் சர்ரே. ரொம்ப நெரிசலான ரோட்டைப் பீக் நேரத்துல அடைச்சா ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரைக்கும் வாடகை. ராத்திரியில செஞ்சா கட்டணம் குறையும், இல்லைன்னா கட்டணமே இருக்காது, ரெண்டு கம்பெனி சேர்ந்து செஞ்சா சலுகை. காசு போகுதுன்னு தெரிஞ்ச உடனே காலியா நிக்கிற கோனை எடுக்க ஆள் வந்துடுது பாருங்க!

அந்தக் காசு கடைசில நம்ம பில்லுலதானே ஏறும்னு கேக்கிறாங்க. ஏறக்கூடாதுங்கிறதை அந்தந்தத் துறை ரெகுலேட்டர் பார்த்துக்கணும், பீக் நேரத்தைத் தவிர்த்தா கட்டணத்தைக் குறைக்கவோ தவிர்க்கவோ முடியுங்கிறப்போ தவிர்க்காத கம்பெனியோட சோம்பேறித்தனத்துக்கு கஸ்டமர் ஏன் கட்டணும்? இப்பவே அந்தச் செலவை நாமதான் கட்டிட்டிருக்கோம், லேட்டாப் போன சம்பளத்துலயும், எரிஞ்ச பெட்ரோல்லயும், கோன் நிக்கிற வரைக்கும் ஆள் வராத கடை வாசல்லயும்.

இன்னும் நிறைய கவுன்சில் லேன் ரென்டல் பக்கமே போகலை, தயாரிக்கிற வேலை பெருசு, ஒப்புதல் வாங்கணும், ஆள் இல்லைன்னு சொல்றாங்க. வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வர்றப்போ குழி எப்ப மூடுவீங்கன்னு மட்டும் கேக்காதீங்க. லேன் ரென்டலுக்கு அப்ளை பண்ணீங்களா, போன வருஷம் எத்தனை பர்மிட்டைத் திருப்பி அனுப்பினீங்க, எத்தனை வேலை ஒரே குழியில சேர்ந்து நடந்துச்சு, தேதி தாண்டினவங்ககிட்ட எவ்வளவு வசூல் பண்ணீங்கன்னு கேளுங்க. நேர்ல பதில் வரலைன்னா தகவல் அறியும் சட்டப்படி ஒரு மெயில் போடுங்க, பொதுவா 20 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். வந்த பதிலைக் கமெண்ட்ல போடுங்க, எந்தக் கவுன்சில் என்ன பண்ணுதுன்னு எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.