லாபாஸ் சந்தையில் இரண்டாவது கிண்ணம் சூப்

பிலிப்பைன்ஸில் உள்ள இலோயிலோ நகரத்துக்கு இப்போது போய் வந்தது நாலாவது தடவை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் காலை வைத்ததும் முதல் கேள்வி, "அங்கே என்னதான் சாப்பிட்டே?" என்பதுதான். அதற்கு ஒருமுறை உட்கார்ந்து விரிவாகவே பதில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

கப்பலில் இன்ஜின் ரூம் வேலை எனக்கு. கூட இருப்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள், அதில் எப்படியும் இரண்டு மூன்று பேர் இலோயிலோக்காரர்களாக இருப்பார்கள். கடல் படிப்புக் கல்லூரிகள் உள்ள ஊர் அது, தெருவுக்கு ஒரு கப்பல்காரர் வீடு இருக்கும். அப்படிக் கிடைத்த நண்பர் ஒருவர் வீட்டில்தான் தங்குவேன். அவருடைய அம்மாவை நானும் 'நானாய்' என்றே கூப்பிடுகிறேன். அவர் என்னை 'தோத்தோ' என்பார். நம்மூரில் 'தம்பி' என்பது போல.

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது இதுதான்: வெளியே போய்ச் சாப்பிடுவது அங்கே காசுள்ளவர்கள் சமாச்சாரமாக இல்லை. மீன் விற்கிற அம்மா, ஜீப்னி என்கிற ஷேர் வண்டியின் டிரைவர், நர்ஸிங் படிக்கிற பெண், நடக்க முடியாத பாட்டி, எல்லோருக்கும் கடையில் ஒரு இடம் இருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இலோயிலோவின் லாபாஸ் பகுதியில் உள்ள சந்தைக்குள் போனால் நான் சொல்வது புரியும். பாட்சோய் என்கிற நூடுல்ஸ் சூப் பிறந்த இடம். 1938-ல் தங்களிடம்தான் அது தொடங்கியது என்று டெக்கோஸ் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். 1945-ல் ஆரம்பித்த டெட்ஸ், 1948-ல் ஆரம்பித்த நெட்டாங்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுக்காத ஆட்கள். எங்கள் நானாய் நெட்டாங்ஸ் கட்சி. அதனால் நானும் அந்தக் கட்சிதான்.

மஞ்சள் நிற மிக்கி நூடுல்ஸைக் கொதிநீரில் முக்கி எடுத்துக் கிண்ணத்தில் போடுகிறார்கள். மேலே மெல்லிசாக நறுக்கிய பன்றி இறைச்சி, ஈரல், குடல். அப்புறம் சிச்சரோன், அதாவது பொரித்த பன்றித் தோல், கையால் நொறுக்கித் தூவியது. வறுத்த பூண்டு, வெங்காயத்தாள். கேட்டால் ஒரு பச்சை முட்டையும் உடைத்து ஊற்றுவார்கள். கடைசியில் எலும்பும் மஜ்ஜையும் போட்டுக் கொதிக்க வைத்த சூப்பை ஊற்றும்போது அந்தப் பூண்டு வாசம் கிளம்பும் பாருங்கள், சந்தையின் மீன் வாடையெல்லாம் எங்கே போனது என்று தெரியாது.

முதல் தடவை நான் ஃபோர்க்கை எடுத்து நூடுல்ஸில் விட்டேன். நானாய் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். முதலில் சூப்பைக் குடி என்றார். பாதிக் கிண்ணம் குடித்து முடித்ததும் உள்ளே பார்த்து, "மனாங், சபாவ் பலிஹோக்" என்றார். அக்கா, கொஞ்சம் சூப் கொடுங்க. அவ்வளவுதான். கரண்டியோடு வந்த பெண் என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போனார். காசு கேட்கவில்லை, எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்சில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஒரு கிண்ணத்தையும் புட்டோ என்கிற அரிசி மாவுப் பணியாரம் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று தடவை சூப் வாங்கினார். மதியம் வரை அவருக்கு அது தாங்கும்.

2023 அக்டோபரில் யுனெஸ்கோ இலோயிலோவை உணவுக் கலை நகரமாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பெயர் முதலில் கிடைத்தது இந்த ஊருக்குத்தான். எனக்கும் சந்தோஷம், நானாய் பெருமை பேசாத நாளில்லை. ஆனால் இந்தத் தடவை ஒரு மால் கடையில் பாட்சோய் சாப்பிட்டேன். நல்ல ஏசி, நல்ல வெளிச்சம், கிண்ணமும் அழகு. சூப் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதும் மெனுவைத் திருப்பிக் காட்டினார்கள். அதற்குத் தனி விலை. பெரிய தொகை ஒன்றும் இல்லை. நண்பர் கொடுத்தும் விட்டார். நானாய் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மூட்டை தூக்குகிறவருக்காக ஏற்பட்ட பழக்கத்தில் கை வைத்தால் யுனெஸ்கோ பாராட்டியதில் பாதி போய்விடும் என்பது என் திடமான எண்ணம்.

கோழிக்கு வருகிறேன், பன்றி சாப்பிடாத நம்மவர்களுக்கு இதுதான் வழி. இனாசால் என்றால் எலுமிச்சம்புல், இஞ்சி, பூண்டு, வினிகர், கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சையின் சாறு எல்லாம் சேர்த்து ஊறவைத்துக் கரியில் சுட்டது. பக்கோலோட், இலோயிலோ இரண்டு ஊரும் இதற்குச் சொந்தம் கொண்டாடும். வாழையிலை போட்ட தட்டில் சோறும் கோழியும் வரும். மேசையில் மஞ்சள் நிறக் கோழி எண்ணெய் பாட்டில் இருக்கும், அதைச் சோற்றில் ஊற்றிப் பிசையலாம். வினிகர், சோயா, கலமான்சி, மிளகாய் எல்லாவற்றையும் அவரவர் தொட்டுக்கொள்ள அவரவரே கலந்துகொள்ள வேண்டும். நான் மிளகாயை நசுக்கும் அளவைப் பார்த்து நண்பரின் குழந்தைகள் கத்துவார்கள். கையால் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மாங் இனாசால் சங்கிலிக் கடையும் இந்த ஊரில்தான் 2003-ல் ஒரு மாலின் கார் நிறுத்தும் இடத்தில் தொடங்கியது. இப்போது அது ஜாலிபீ என்கிற பெரிய துரித உணவு நிறுவனத்தின் கையில். கேட்கக் கேட்கச் சோறு போடுவது அவர்கள் வழக்கம். 2017-ல் செனட்டர் சிந்தியா வில்லார் உடம்புக்கு நல்லதில்லை என்று இந்த அளவில்லாச் சோற்றைத் தடை செய்யலாமே என்று பேசினார். நாடே கொதித்தது, அப்படிச் சட்டம் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு துண்டுக் கோழி வாங்கி நாலு தட்டுச் சோறு சாப்பிடுகிறவனின் கணக்கு அந்த ஜனங்களுக்குத் தெரியும். அவர்கள் கோபப்பட்டது நியாயம்தான்.

இன்னொன்று. வில்லா கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் எட்டுப் பேர் சாப்பிட்டோம். பில் வருவதற்கு முன்பே நானாய் பர்ஸிலிருந்து முதியோர் அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அவர்கள் சாப்பிட்டதில் 20 சதவீதம் தள்ளுபடி, வாட் வரியும் இல்லை. நாடு முழுக்கச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. தள்ளுபடி எவ்வளவு என்பதைவிட, அட்டையை எடுக்கும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைத்தான் நான் பார்த்தேன். வயதானவர்களைக் கடைக்குக் கூட்டிப் போவதே நம் வீடுகளில் குறைவு.

காபிக் கடைகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆற்றங்கரை எஸ்பிளனேட் பக்கமெல்லாம் புதிது புதிதாக வருகின்றன. ஒரே ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை மணிக்கணக்கில் யாரும் எழுப்புவதில்லை. வீட்டில் மேசைகூட இல்லாத பிள்ளைக்கு அது எத்தனை பெரிய உதவி!

நம்மூரிலிருந்து டாக்டருக்குப் படிக்க பிலிப்பைன்ஸ் போகிற பிள்ளைகள் நிறைய. சாப்பாடு சரியில்லை என்று அறைக்குள்ளேயே சமைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, ஒருநாள் இலோயிலோ பக்கம் போனால் கரிண்டேரியா என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரங்களின் மூடியைத் திறந்து பாருங்கள். கட்யோஸ் என்று ஒன்று இருக்கும், அது நம்ம துவரைதான். பலாக்காயும் பன்றி இறைச்சியும் போட்டுக் குழம்பாக வைத்திருப்பார்கள். அதில் புளிப்புக்குப் போடும் பட்வான் காய் நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். முதல் வாய் வைத்தபோது எங்கேயோ சாப்பிட்ட ருசி என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் மறுபடி கப்பல் ஏற வேண்டும். அதற்கு முன் மூன்று நாள் கிடைத்தால் போய் வருவேன். நானாய்க்கு முழங்கால் வலி, சந்தை வரை நடக்க முடிவதில்லையாம். டிரைசிக்கிள் பிடித்து லாபாஸ் சந்தை வாசலிலேயே இறக்கிவிடலாம் என்று நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.