உறிஞ்சத்தான் காசு, கொண்டுபோய்ச் சேர்க்க இல்லை

செப்டிக் டேங்க் லாரி ஏரிக்கரையில் வால்வைத் திறந்துவிடும் வீடியோ அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆளாளுக்கு டிரைவரைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் லாரியில் இருப்பது யார் வீட்டுச் சரக்கு?

சென்னையில் சட்டம் இல்லாமல் இல்லை. 2022-ல் அதில் திருத்தம் வந்தது. லாரிக்காரர் மெட்ரோ வாட்டரிடம் (சென்னைக் குடிநீர் வாரியம்) 2,000 ரூபாய் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும், அது 2 வருஷம் செல்லும். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 அபராதம், அடுத்து 50,000. பெருங்குடி, கொடுங்கையூர், நெசப்பாக்கம் மாதிரி சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும்.

லாரிக்காரர் பக்கம் நின்று கணக்குப் போடுங்கள். டேங்கை உறிஞ்சி முடித்ததுமே பேசிய காசு கைக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் நிலையம் வரை ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் அவர் கைக்காசு டீசல். நடுவில் அடுத்த வீட்டுக்காரர், “எங்கப்பா இருக்கே, டாய்லெட் பொங்கி வழியுது” என்று விடாமல் போன் அடிப்பார். வழியில் இருட்டாக ஒரு மழைநீர் வடிகால். மாட்டினால்தானே அபராதம்!

நம்ம லட்சணம் என்ன? “வீடு கட்டி இருபது வருஷமாச்சு, ஒரு தடவைகூட டேங்க் எடுத்ததில்ல” என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஐயா, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்கணும். உங்களுடையது நிறையவே இல்லையென்றால் அடியில் தளம் போடவில்லை, வெறும் உறை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அது பக்கத்து வீட்டு போர் தண்ணிக்குத்தான் போகிறது. மூடி எங்கே என்றால், கார் நிற்கிற இடத்தில் டைல்ஸுக்கு அடியில். அடைத்துக்கொண்ட அன்றைக்குக் கடப்பாரை தேடுவார்கள். அடிக்கசடு இறுகிப்போய் ஹோஸ் இழுக்காது. உடனே ஒருத்தர், “ஆள் இறங்கினா முடிஞ்சிரும்” என்பார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். விஷவாயு தாக்கி ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறக்கச் சொன்ன மனுஷனுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

மகாராஷ்டிரத்தில், சத்தாரா மாவட்டத்தில் வாய் என்று ஒரு சின்ன நகராட்சி. அங்கே பொங்கின பிறகு லாரி தேடி அலைய வேண்டியதில்லை. ஏரியா ஏரியாவாக முறை வைத்து, மூன்று வருஷத்துக்கொரு தடவை லாரி தானே வரும். செலவை நகராட்சி பார்த்துக்கொள்கிறது, வரியோடு சேர்த்து வசூலிக்கிறது. வாசலில் காசு கைமாறுவதில்லை.

நம்மால் முடியாதா? செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி, வெறும் பேரூராட்சி. 2017-லேயே மலக்கசடுக்கென்று தனி நிலையம் கட்டிவிட்டது. புறநகரில் இப்படி நாலைந்து இருந்தால் லாரிக்கு டீசல் மிச்சம். கட்ட இடம் பார்த்தால் “எங்க ஏரியாவுல வேணாம்” என்று மனு கொடுப்பதும் நாம்தான், அது தனிக் கதை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. டேங்கை உறிஞ்சும்போதே காசு கொடுக்காமல், நிலையத்தில் இறக்கிய ரசீதுக்குக் கொடுக்கிற மாதிரி விதியை மாற்றுங்கள். அதுவரை லாரி வந்தால் லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டேங்க் எடுக்க அரசின் 14420 உதவி எண்ணிலும் கூப்பிடலாம். தனியாரைக் கூப்பிட்டால் பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இறக்கிய ரசீது போனுக்கு வந்ததும் மீதியை ஜிபே பண்ணுங்கள்.