அலோய் சில்லைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவிடாதீர்கள்
பழைய மினி காரின் அலோய் (அலுமினியக் கலப்புலோக) சில்லுகளைக் கோஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தின் கரைசலில் இரவு முழுவதும் ஊறவிட்டால் புதிதுபோல் மின்னும் என்று அண்ணை ஒருவர் எழுதியிருப்பது தவறு. இரும்பு றிம்மில் பெயின்ட் கழற்ற அது உதவலாம்; அலுமினியத்தையோ அது அரித்துக் கரைத்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவையும் வெளிவிடும். கிளிநொச்சியில் நான் பார்த்த ஒரு சில்லு, நுரைத்து அடங்கியபின் கறுத்துப்போய், நட்டு இறுகும் துளையின் விளிம்பும் கரைந்திருந்தது. அதை மறுபடி காரில் பூட்ட எவருக்கும் துணிவு வரவில்லை. அலுமினியத்துக்கு ஏற்ற பெயின்ட் ரிமூவரால் பழைய பூச்சை எடுத்து, 400, 800, 1200, 2000 என்று கரடானதிலிருந்து மென்மையானதற்குப் போகும் இலக்க வரிசையில் சாண்ட் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பின் மெட்டல் பொலிஷ் போடுவதே முறை (கை நோகும்தான்). முல்லைத்தீவுக் கரையோர உப்புக்காற்றில் ஓடும் காரென்றால், மினுக்கியபின் நிறமற்ற லாக்கர் பூசாவிட்டால் பளபளப்பு விரைவில் மங்கிவிடும்.